தனக்குத் தானே நடுவர்

பள்ளி மாணவர் ஆடும் ஆட்டங்கள் பல. பந்தாட்டம், ஓட்டம், தாண்டுதல், சடுகுடு முதலியவற்றை நீங்கள் நன்கு அறிவீர்கள். இவை யாவும் நிலத்தில் நிகழ்வன. களத்தின் எல்லை கோடிட்டுக் காட்டப்பெற்றிருக்கும். ஊதலுடன் நடுவர் ஒருவர் நிற்பார். சுற்றிலும் தோழர்கள் கூடி ஆரவாரிப்பர். இவற்றினின்றும் முற்றும் வேறான ஆட்டம் ஒன்று உண்டு. அதன் களம் நீர்ப்பரப்பு. அதில் கோடு கிழிக்க இயலாது. அதனை இயக்குவது காற்று. காற்றை ஏவ எவராலும் இயலாது. ஆடுவோர் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர் சிறுமியர். ஒவ்வொருவரும் தத்தம் படகில் தனித்தே இருப்பர். தவறு நேர்ந்தால் அங்கே ஊதல் ஒலிப்பதில்லை. சிறு பாய்மரப் படகுப் பந்தயம் என்பது அவ்வாட்டத்தின் பெயர். பள்ளிக் கல்வியோடு அதனையும் மேற்கொள்ளும் இளையோர் கற்பது யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பாய்மரக் கலம் நமக்குப் புதியதன்று. சோழமண்டலக் கரையில் வாழும் மீனவர், மரங்களைப் பிணைத்துக் கட்டிய கட்டுமரத்தில் பாய் விரித்துக் கடல்மேற் சென்றனர். ‘கட்டுமரம்’ என்னும் சொல்லே ஆங்கிலம் முதலிய மொழிகளிற் புகுந்து இன்றும் வழங்குகின்றது. ஆயினும், அவர்கட்குக் கடற்செலவு பிழைப்புக்குரிய தொழில். சிறுவர் தனியே ஓட்டுதற்கென்றே ஒரு படகினை அமைத்து, அதனை ஆட்டமாக வளர்த்த வரலாறு 1947ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் தொடங்குகின்றது.

அந்நாட்டின் புளோரிடா மாநிலத்தில் கிளியர்வாட்டர் என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அங்கு வாழ்ந்தவர் மேஜர் கிளிஃபோர்டு மக்கே. அக்காலத்தில் அமெரிக்கச் சிறுவர் பலகைகளைக் கொண்டு தாமே சிறு வண்டி செய்து, சரிவான சாலையில் அதனை உருட்டிப் பந்தயம் விடுவர். அப்பந்தயம் ஆண்டிற்கு ஒரு முறையே வரும். கடலும் காற்றும் எந்நாளும் உள்ள தம் ஊரில், அவ்வண்டி போன்ற எளிய படகொன்று இருந்தால் சிறுவர்க்கு ஆண்டு முழுவதும் பயன்படுமே என்று மக்கே எண்ணினார். ‘ஆப்டிமிஸ்ட்’ என்னும் பெயர் கொண்ட ஊர்க் கழகத்தில் தம் கருத்தை எடுத்துரைத்தார். ‘நன்மையே விளையும் என்று நம்புவோர்’ என்பது அப்பெயரின் பொருள். கழகத்தார் அக்கருத்தை ஏற்றனர்.

படகு கட்டுவதில் வல்லவரான கிளார்க் மில்ஸ் என்பவரிடம் அப்பணி ஒப்படைக்கப்பெற்றது. செலவு 50 டாலரைக் கடத்தலாகாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. கடைகளில் கிடைத்த ஒட்டுப்பலகையோ 8 அடி நீளமே உடையது. அந்நீளத்திற்குள் அணியம் எனப்படும் முன்பகுதியைக் கூராக அமைத்தால் சிறுவன் அமர இடம் போதாது. ஆதலால் மில்ஸ் முன்பகுதியைத் தட்டையாகவே வெட்டிவிட்டார். பார்ப்பதற்குப் பெட்டி போன்ற அப்படகு கழகத்தின் பெயராலேயே ‘ஆப்டிமிஸ்ட்’ என்று அழைக்கப்பெற்றது. குறைந்த பொருளைக் கொண்டு குறையின்றிச் செய்த அக்கைத்திறமே அப்படகின் புகழுக்குக் காரணமாயிற்று. அது விரைவில் டென்மார்க் நாட்டிற்குச் சென்று, ஐரோப்பா எங்கும் பரவியது. 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இதற்கு முதல் உலகப் போட்டி நடைபெற்றது. 1965ஆம் ஆண்டில் இதற்கென ஓர் அனைத்துலகச் சங்கமும் தோன்றியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில், பதினைந்து வயது வரையிலுள்ள சிறுவரும் சிறுமியரும் இப்படகில் ஒன்றாகவே போட்டியிடுகின்றனர். ஒலிம்பிக் பந்தயங்களில் பதக்கம் பெற்றோருள் பலர் தம் இளமையில் இப்படகில் பயின்றோரே.

இப்படகின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். இதன் நீளம் 8 அடிக்குச் சற்றுக் குறைவு. எடை 35 கிலோகிராம். முன்பகுதியில் ஒரு பாய்மரம். அதில் ஒரே ஒரு பாய். பின்புறத்தில் சுக்கான் உண்டு. அதன் பிடியை ஒரு கையாற் பற்றித் திசை திருப்புவர். மற்றொரு கையில் பாயை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறு இருக்கும். படகின் நடுவிலுள்ள பிளவின் வழியே ஒரு பலகை நீருக்குள் இறக்கப்பெற்றிருக்கும். காற்றுப் பக்கவாட்டில் தள்ளும்போது படகு அப்பக்கமே நழுவிவிடாமல் காப்பது அப்பலகையே. பாய் காற்றிலும் பலகை நீரிலும் நின்று எதிரெதிரே தாங்குவதால் படகு முன்னோக்கிச் செல்கின்றது. பாயும் பலகையும் நேர்ந்தாலும், படகு சாயாமற் காக்க மூன்றாவது பொருளொன்று வேண்டும். அது ஓட்டுவோனின் உடலே. காற்று மிகும்போது அவன் படகின் விளிம்பில் அமர்ந்து, வெளிப்புறமாகச் சாய்ந்து, தன் எடையால் படகை நிமிர்த்த வேண்டும்.

இவ்வாட்டத்தில் முதற்பாடம் கவிழ்தல். படகைச் செலுத்தக் கற்பிக்குமுன், கவிழ்ந்த படகை நிமிர்த்தக் கற்பிப்பர். நீந்தத் தெரியாதவரை நீரில் இறக்குவதில்லை; நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு மேலங்கி இன்றி இறங்குவதில்லை. படகினுள் காற்றடைத்த பைகள் பொருத்தப்பெற்றிருத்தலால் அது கவிழினும் மூழ்காது. ஆசிரியர் கண்ணெதிரே மாணவன் படகைக் கவிழ்க்கின்றான், நீரில் விழுகின்றான், படகைச் சுற்றி நீந்தி, நடுப்பலகையைப் பற்றி, அதன்மேல் ஏறித் தன் எடையால் அழுத்துகின்றான். படகு மெல்ல நிமிர்கின்றது. பின்னர் உள்ளே ஏறி, கயிற்றிற் கட்டியுள்ள முகவையால் நீரை இறைத்து வெளியேற்றுகின்றான். முதல் நாளில் அழுதவன் மூன்றாம் நாளில் நகைக்கின்றான். வீழ்ச்சியை முன்னரே கண்டு பழகியவனுக்கு வீழ்ச்சியைப் பற்றிய அச்சம் ஏது?

அடுத்த பாடம் காற்றை எதிர்த்துச் செல்லுதல். எந்தப் பாய்மரக் கலமும் காற்று வீசும் திசையை நேரே எதிர்த்துச் செல்ல இயலாது. காற்றின் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வாகச் சிறிது தொலைவு சென்று, பின் திரும்பி மறுபுறமாக அதே சாய்வில் சென்று, இவ்வாறு வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். நேர்வழி ஒரு கிலோமீட்டர் எனின், இங்ஙனம் செல்வோன் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும். வகுப்பிற் பயின்ற செங்கோண முக்கோணம் இங்கே கண்முன் காணப்படுகின்றது. நண்பகலில் நிலம் விரைந்து சூடேற, கடலிலிருந்து குளிர்காற்று வீசத் தொடங்கும் என்று புவியியலிற் படித்திருப்பீர்கள். சென்னைக் கடலிற் பயிலும் சிறுவன் அக்காற்று வரும் வேளையை நோக்கிக் காத்திருப்பான். அதன் வரவை நீர்மேல் தோன்றும் கருமையான சிற்றலைகளால் அறிந்துகொள்வான். ஏட்டிற் கற்றதை நீரிற் காண்பவனுக்கு ஏடும் இனிதாகின்றது.

இனிப் பந்தயம் நடைபெறும் முறையைக் காண்போம். நீரில் மிதவைகள் நங்கூரமிட்டு நிறுத்தப்பெற்றிருக்கும். அவற்றைக் குறித்த வரிசையிற் சுற்றி வரவேண்டும். தொடக்கத்திற்கு 5 நிமிடம் முன்னரே கொடியும் ஒலியும் எச்சரிக்கை தரும். பாய்மரப் படகைக் கோட்டின்மேல் நிறுத்திவைக்க இயலாது; ஆதலால் படகுகள் யாவும் கோட்டிற்குப் பின்னே அங்குமிங்கும் உலவிக்கொண்டிருந்து, குறித்த நொடியில் கோட்டைக் கடக்க முயலும். முந்திக் கடந்தவர் திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

வெற்றியைக் கணிக்கும் முறையும் புதுமையானது. ஒரு போட்டியில் பல பந்தயங்கள் நடைபெறும். முதலில் வந்தவர்க்கு 1 புள்ளி, இரண்டாவதாக வந்தவர்க்கு 2 புள்ளி என்று கணக்கிட்டு, மிகத் தாழ்ந்த நிலை ஒன்றை விலக்கிவிட்டு, எஞ்சியவற்றைக் கூட்டுவர். குறைந்த கூட்டுத்தொகை உடையவரே வென்றவர். 2023ஆம் ஆண்டில் சீன நாட்டின் ஹாங்சோ நகரை மையமாகக் கொண்டு நடைபெற்ற ஆசிய விளையாட்டில், பதினேழு வயதான நேகா தாக்கூர் என்னும் இந்தியச் சிறுமி 11 பந்தயங்களிற் கலந்துகொண்டார். அவர் பெற்ற மொத்தப் புள்ளிகள் 32. அவற்றுள் மிகத் தாழ்ந்த நிலைக்குரிய 5 புள்ளிகளை விலக்க, 27 எஞ்சின. அவருக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அவர் எந்தப் பந்தயத்திலும் ஐந்தாம் இடத்திற்குக் கீழே இறங்கவில்லை என்பது இக்கணக்கினால் விளங்கும். ஒரு நாள் மின்னலென முந்தி மறுநாள் பின்தங்குவோரை இவ்வாட்டம் போற்றுவதில்லை. நாள்தோறும் முயல்வோரையே போற்றுகின்றது. நேகா கடற்கரையே இல்லாத மத்தியப் பிரதேசத்தில் உழவர் குடியிற் பிறந்தவர். போபால் நகரிலுள்ள தேசியப் பாய்மரப் படகுப் பள்ளியிற் பயின்றவர் என்பதும் நாம் எண்ணத்தக்கது.

இவ்வாட்டத்தின் உயிர்நிலையான பண்பு ஒன்றை இனிக் கூறுதல் வேண்டும். பெரிய போட்டிகளில் நடுவர் குழு இருப்பதுண்டு. ஆயினும் பரந்த நீர்ப்பரப்பில் சிதறிச் செல்லும் படகுகள் ஒவ்வொன்றையும் எவராலும் கண்காணிக்க முடியாது. எனவே, விதியைத் தாமே காத்தலும், மீறினால் தாமே உடனே தண்டனையை ஏற்றலும் போட்டியாளரின் கடமை என்பது இவ்வாட்டத்தின் அடிப்படை நெறியாக விதிநூலின் தொடக்கத்திலேயே வகுக்கப்பெற்றுள்ளது. மிதவையைத் தீண்டியவர், பிற படகுகளினின்றும் விலகி ஒரு முறை முழுவட்டமாகச் சுழன்ற பின்னரே மேற்செல்ல வேண்டும். வழிவிட வேண்டிய இடத்தில் வழிவிடாதவர் இரு முறை சுழல வேண்டும்.

ஒரு சிறுமி மூன்றாவதாகச் செல்கின்றாள் என்று கொள்வோம். மிதவையைச் சுற்றும்போது அவள் பாயைத் தாங்கும் கழி அதனைச் சற்றே தீண்டிவிடுகின்றது. முன்னே செல்வோர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னே வருவோர் தொலைவில் உள்ளனர். கரையில் நிற்கும் பெற்றோர்க்குப் படகே வெண்புள்ளியாகத்தான் தெரிகின்றது. கண்டவர் ஒருவருமிலர். வட்டமாகச் சுழன்றால் இரண்டு மூன்று படகுகள் அவளைக் கடந்துவிடும்; பல திங்களாகப் பயின்று பெற்ற இடம் கைநழுவிப் போகும். சுழலாமற் சென்றாலோ எவரும் கேளார். அவள் என் செய்வாள்? அந்த ஒரு கணத்தில் வழக்குத் தொடுப்பவளும் அவளே. குற்றம் சாட்டப்பெற்றவளும் அவளே. தீர்ப்புக் கூறும் நடுவரும் அவளே. சுக்கானைத் திருப்பி அவள் சுழல்வாளாயின், அன்று பதக்கம் கிட்டாமற் போகலாம். ஆனால், அன்று முதல் அவள் தன்னைத் தான் நம்பலாம். அதனினும் சிறந்த பரிசு எது?

இவ்வாட்டத்தின் விதிநூலில் முதல் விதி மிதவையைப் பற்றியதும் அன்று. வெற்றியைப் பற்றியதும் அன்று. இடருற்றவர் எவராயினும் இயன்ற உதவி அனைத்தையும் செய்தல் வேண்டும் என்பதே முதல் விதி. அதனை உலகிற்கு நடந்து காட்டியவர் கனடா நாட்டைச் சேர்ந்த லாரன்ஸ் லெமியூ என்பவர். இவரும் நேகாவைப் போலவே கடற்கரை இல்லாத மாநிலத்தவர். ஆல்பர்ட்டா மாநிலத்து ஏரிகளில் இளமையிலேயே படகோட்டக் கற்றவர். 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் விளையாட்டின் பாய்மரப் பந்தயங்கள் தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தில் நடைபெற்றன. செப்டம்பர் 24ஆம் நாள் காற்றுத் திடீரெனக் கடுமையாயிற்று, அலைகள் உயர்ந்தன. அன்றைய பந்தயத்தில் லெமியூ இரண்டாம் இடத்தில் சென்றுகொண்டிருந்தார்.

அப்போது வேறொரு பந்தயத்தில் ஈடுபட்டிருந்த சிங்கப்பூர் வீரர் இருவரின் படகு கவிழ்ந்துகிடப்பதை அவர் கண்டார். ஒருவர் காயமுற்றுப் படகைப் பற்றிக்கொண்டிருந்தார். மற்றவரை அலை படகினின்றும் பிரித்து இழுத்துச் சென்றது. லெமியூ தம் பாதையை விட்டு விலகினார். தனி ஒருவர் ஓட்டும் தம் சிறு படகை அக்கொந்தளிப்பிற் செலுத்தி, இருவரையும் காத்து, மீட்புப் படகு வரும் வரையில் காத்திருந்து, அவர்களை அதில் ஒப்படைத்த பின்னரே பந்தயத்தைத் தொடர்ந்தார். அவர் இருபத்திரண்டாவதாகவே எல்லையை அடைந்தார். நடுவர் குழு நிகழ்ந்ததை ஆராய்ந்து, அப்பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே வழங்கியது. எனினும், எல்லாப் பந்தயங்களின் முடிவில் அவர் பதினோராம் இடமே பெற்றார், பதக்கம் கிட்டவில்லை. ஒலிம்பிக் குழுவினர், அவர்தம் பெருந்தன்மையைப் போற்றிப் பியர் டி கூபர்ட்டின் பெயரால் அமைந்த சிறப்புப் பதக்கத்தை அவருக்கு அளித்தனர். அன்று பொற்பதக்கம் வென்றவர் பெயரை அறியாதோரும் லெமியூவின் பெயரை அறிவர்.

‘இவையெல்லாம் நன்றே, பள்ளிப் படிப்பு என்னாவது?’ என்று பெற்றோர் வினவுவது இயல்பு. அவ்வினாவைத் தள்ளிவிடலாகாது. படகோட்டம் நேரத்தை மிகுதியாக வேண்டும் ஆட்டம். படகைப் பூட்டவும், நீரில் இறக்கவும், மீண்டும் கழுவி வைக்கவுமே ஒரு மணி நேரம் செல்லும். அது பொருளையும் வேண்டும் ஆட்டம். ஆதலின் படகுகளைத் தாமே வைத்திருந்து பயிற்றுவிக்கும் கழகங்களும் சங்கங்களும் தேவைப்படுகின்றன. சென்னைத் துறைமுகத்தில் 1911ஆம் ஆண்டில் தோன்றிய படகுக் கழகமும், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் நம் மாநிலத்தில் இவ்வாட்டம் வளர இடமளித்தவை.

அச்சங்கத்தின் கோடைக்காலப் பயிற்சி முகாமொன்றில் 2009ஆம் ஆண்டில் சேர்ந்தவர் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். விடுமுறைப் பொழுதுபோக்காகத் தொடங்கிய பயிற்சி, அவர் வாழ்வின் குறிக்கோளாயிற்று. படிப்பையும் அவர் விட்டுவிடவில்லை. பள்ளியை முடித்துப் பொறியியற் கல்லூரியிற் சேர்ந்தார். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2021ஆம் ஆண்டில் ஓமன் நாட்டில் நடந்த தகுதிப் போட்டியின் வாயிலாக, பாய்மரப் படகுப் பந்தயத்தில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்னும் சிறப்பை எய்தினார். அவ்வாண்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் பெற்றது 35ஆம் இடம். சோர்ந்தாரில்லை. 2024ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக்கில் 21ஆம் இடத்திற்கு உயர்ந்தார். முதல் நாளிற் கற்ற பாடத்தை அவர் மறந்தாரில்லை போலும்! கவிழ்ந்தால் நிமிர்த்துவதும், நிமிர்ந்தபின் மேலே செல்வதுமே அப்பாடம்.

படிப்பும் படகும் ஒன்றையொன்று பகைக்க வேண்டுவதில்லை. பகைக்கச் செய்வது நம் சோம்பலே. நாளைய தேர்வுக்குரிய பாடத்தை மூடி வைத்துவிட்டுக் கடலுக்குச் செல்பவனுக்குக் கடலிலும் மனம் ஊன்றாது. காற்று வரும் வேளையை அறிந்து அதற்குமுன் கணக்கை முடித்து வைப்பவனோ, இரண்டிலும் முன்னேறுகின்றான். நேர்வழி அடைபட்டபோது சினந்து நிற்காமல், சாய்ந்து சென்றேனும் இலக்கை அடையும் பொறுமை, கடினமான பாடத்தைப் பயிலும்போதும் உதவுமன்றோ?

மாணவர்களே! உங்களுள் எத்தனை பேருக்குப் பாய்மரப் படகில் ஏறும் வாய்ப்புக் கிட்டும் என்று கூற இயலாது. ஆனால், கண்டவர் ஒருவருமில்லாத இடத்தில் மிதவையைத் தீண்டும் கணம் உங்கள் ஒவ்வொருவர் வாழ்விலும் வரும். தேர்வு மண்டபத்தில் ஆசிரியர் மறுபுறம் திரும்பிய வேளையிலோ, கடைக்காரர் மறந்து மிகுதியாகச் சில்லறை தந்த வேளையிலோ அது வரலாம். அவ்வேளையில் ஊதல் ஒலிக்காது. சுக்கான் உங்கள் கையிலேயே இருக்கும். அதனைத் திருப்பி ஒரு முறை சுழன்று, பின் நிமிர்ந்து மேற்செல்வீர்களாக!